தெருமுனைத் திரையும் எதிர்வீட்டுப் புகாரும்

கேள்வி: மதுரையில் 62 வீடுகள் உள்ள எங்கள் தெருவின் குடியிருப்போர் நலச்சங்கத்துக்கு நான் செயலாளர். மாலையானால் தெருமுனை டீக்கடை பெஞ்சில் சினிமாவும் கிரிக்கெட்டும்தான் பேச்சு. அந்தப் பேச்சு வளர்ந்து, உறுப்பினர் ஒருவரின் காலி மனையில் திரை கட்டி, ஞாயிற்றுக்கிழமைகளில் ஐபிஎல் ஆட்டமும் மாதம் ஒருமுறை பழைய படமும் போடுவது என்று முடிவாயிற்று. ‘காதலிக்க நேரமில்லை’தான் முதல் படம் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு 100 ரூபாய் வாங்கிப் புரொஜெக்டரும் ஸ்பீக்கரும் வாடகைக்கு எடுத்து ஆட்டத்தைக் காட்டத் தொடங்கினோம். இரண்டாவது வாரமே எதிர்வீட்டுக்காரர், மகள் நீட் தேர்வுக்குப் படிக்கிறாள், இனியும் போட்டால் காவல் நிலையம் போவேன் என்கிறார். இதற்கிடையே தெரு வாட்ஸ்அப் குழுவில் ஓர் இளைஞர் புதுப்படத்தின் டெலிகிராம் இணைப்பைப் போட்டுவிட்டார்; குழுவின் நிர்வாகி நான். போதாக்குறைக்கு, ஆட்டத்தின் மேல் 5,000 ரூபாய் பந்தயம் கட்டித் தோற்றவர் பணம் தரவில்லை என்று ஜெயித்தவர் சங்கத்தில் முறையிட்டிருக்கிறார். நாங்கள் இலவசமாகத்தானே காட்டுகிறோம், இதில் சட்டத்துக்கு என்ன வேலை? இனி என்ன செய்யலாம்?

வழக்கறிஞரின் பதில்:

உங்கள் கடிதத்தில் ‘இலவசம்’ என்ற சொல்லும் ‘வீட்டுக்கு 100 ரூபாய்’ என்ற சொற்களும் நான்கு வரி இடைவெளியில் இருக்கின்றன. அந்த இடைவெளிக்குள்தான் உங்கள் சிக்கலின் பாதி இருக்கிறது என்பதால், அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கிரிக்கெட் ஆட்டத்தின் நேரலையும் திரைப்படமும் உங்கள் திரையில் ஒன்றுபோலத் தெரிந்தாலும், 1957ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் அவற்றை வெவ்வேறாகவே பார்க்கிறது. ஒளிபரப்பு நிறுவனத்துக்கு அதன் ஒளிபரப்பின் மேல் 25 ஆண்டுகளுக்குத் தனி உரிமை உண்டு என்று சொல்லும் 37ஆம் பிரிவு, அனுமதியில்லாமல் செய்யக்கூடாதவற்றை எண்ணிச் சொல்கிறது: ஒளிபரப்பை மறு ஒளிபரப்புச் செய்வது, அதைப் பதிவு செய்வது, கட்டணம் பெற்றுக்கொண்டு பொதுமக்கள் அதைப் பார்க்கவோ கேட்கவோ செய்வது ஆகியவை அந்த வரிசையில் உள்ளன. கட்டணம் பெற்றுக்கொண்டு என்ற நிபந்தனை சட்டத்திலேயே இருப்பதால், டிஷ் இணைப்பில் வரும் ஆட்டத்தை ஒரு காசும் வாங்காமல் தெருக்காரர்கள் கூடி அமர்ந்து பார்த்தால், இந்தப் பிரிவை வைத்து உங்களைக் குற்றம் சொல்வது கடினம். 100 ரூபாய் வாங்கிவிட்டு, கொடுக்காத வீட்டுப் பிள்ளைகளை மனைக்கு வெளியே நிறுத்தினால், அதே பிரிவு உங்கள் மேல் பாயும். ‘வாடகைக்குத்தான் வாங்கினோம், லாபத்துக்கு அல்ல’ என்பது மனிதர்களிடம் எடுபடும் பதில். சட்டம் கட்டணம் என்கிறதே தவிர லாபம் என்று சொல்லவில்லை.

ஆகவே என் ஆலோசனை: ஆட்டத்துக்கென்று தனி வசூலை நிறுத்திவிடுங்கள். சங்கத்தின் ஆண்டுச் சந்தாவிலிருந்து பொதுச்செலவாக அதைச் செய்யுங்கள். சந்தா கட்டாதவரும் வந்து அமரலாம் என்பதைச் சங்கத்தின் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். அடுத்ததாக ஏதாவது ஒரு நகைக்கடையோ இனிப்புக்கடையோ தங்கள் பெயர்ப் பலகையைத் திரைக்கு மேலே கட்டினால் முழுச் செலவையும் ஏற்பதாகச் சொல்லும். எந்தத் தெருவிலும் இது நடக்கும். அதை ஏற்றால் உங்கள் கூட்டம் வணிக விளம்பரத்துக்கான கூட்டமாகிவிடும் என்பதால் மறுத்துவிடுங்கள். அணிகளின் சின்னங்களைப் பேனரில் அச்சிடுவதும் அப்படித்தான். அவை பதிவு செய்யப்பட்ட வணிகக் குறிகள். பிள்ளைகள் மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு வருவதில் யாருக்கும் எந்தக் குறையும் இல்லை.

கைப்பேசிச் செயலியின் சந்தாவில் ஆட்டத்தைத் திரையில் போடுகிறீர்களா, டிஷ் இணைப்பிலா என்று நீங்கள் எழுதவில்லை. செயலியின் சந்தா தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டும் என்ற நிபந்தனையோடுதான் விற்கப்படுகிறது. அதை மீறினால் முதலில் அது ஒப்பந்த மீறல், சந்தா எடுத்தவரின் கணக்கு முடக்கப்படலாம். எனவே யாரோ ஒருவருடைய மகனின் கணக்கை நம்பி 62 வீடுகளுக்குக் காட்டுவதைவிட டிஷ் இணைப்பே மேல்.

திரைப்படத்துக்கு வருவோம். இங்கே கட்டணம் வாங்கினோமா இல்லையா என்பது உங்களைக் காப்பாற்றாது. ஒரு படத்தைப் பொதுமக்களுக்குக் காட்டும் உரிமை 14ஆம் பிரிவின்படி அதன் உரிமையாளருக்கே உரியது. இலவசமாகக் காட்டினாலும் காட்டியது காட்டியதுதான். இலாப நோக்கமற்ற மன்றங்களுக்குச் சட்டத்தில் விலக்கு உண்டே என்று உங்கள் தெருவில் சட்டம் படித்த யாராவது சொல்லக்கூடும். உண்மைதான், 52ஆம் பிரிவில் அப்படி ஒரு விலக்கு இருக்கிறது. ஆனால் அது ஓர் இலக்கியப் படைப்பையோ நாடகத்தையோ இசையையோ அமெச்சூர் குழுவினர் கட்டணமில்லாத பார்வையாளர்முன் நிகழ்த்துவதற்கானது. உங்கள் தெருப் பிள்ளைகள் ஒரு நாடகத்தை மேடையேற்றினால் அந்த விலக்கு பொருந்தும். படச்சுருளுக்கோ பென் டிரைவுக்கோ பொருந்தாது.

‘எங்கள் தெருக்காரர்கள் எப்படிப் பொதுமக்கள் ஆவார்கள், எல்லாரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள்தானே’ என்ற வாதமும் பழையது. கேபிள் வழியாகக் குடியிருப்பு வீடுகளுக்குப் படம் காட்டியவர்கள் ஏறக்குறைய இதையே பம்பாய் உயர் நீதிமன்றத்தில் சொன்னார்கள். வீடுகளுக்குள் அமர்ந்து பார்ப்பவர்களும் சேர்ந்து பொதுமக்களே என்று அந்த நீதிமன்றம் 1989இல் தீர்ப்பளித்தது. கேபிள் போன்ற வழிகளில் ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகளுக்கு ஒரே நேரத்தில் படைப்பைக் கொண்டு சேர்ப்பதும் பொதுமக்களுக்குக் காட்டுவதே என்று இன்று சட்டத்தின் வரையறையே விளக்கம் சொல்கிறது. அப்படியிருக்க, காலி மனையில் கூடும் 62 வீட்டுக்காரர்களைக் குடும்ப வட்டம் என்று நான் நீதிமன்றத்தில் வாதாடத் துணியமாட்டேன்.

நீங்கள் தேர்ந்தெடுத்த படம், தற்செயலாகவோ என்னவோ, சட்டக் கண்ணோட்டத்தில் சுவையான படம். திரைப்படத்தின் காப்புரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள். ‘காதலிக்க நேரமில்லை’ 1964இல் வெளியானது. எனவே படம் என்ற வகையில் அதன் காப்புரிமை 2024 டிசம்பர் 31உடன் முடிந்தது. இதைப் படித்ததும் திரையைக் கட்டிவிடாதீர்கள். படத்துக்குள் இருக்கும் பாடல் வரிகளுக்கும் இசைக்கும் தனித்தனியே காப்புரிமை உண்டு. அது வெளியான ஆண்டைப் பார்ப்பதில்லை. படைத்தவர் மறைந்த ஆண்டுக்குப்பின் 60 ஆண்டுகள் நீடிக்கும். பாடல்களை எழுதிய கண்ணதாசன் 1981இல் மறைந்தார். அவருடைய வரிகளின் உரிமை 2041 முடியும்வரை இருக்கும். விசுவநாதன், ராமமூர்த்தி இருவரும் சேர்ந்து அமைத்த இசைக்கு, கடைசியாக மறைந்தவரின் ஆண்டைக் கொண்டு கணக்கிட வேண்டும், எம்.எஸ்.விசுவநாதன் 2015இல் மறைந்தார் என்பதால் அது 2075வரை போகிறது. நாகேஷ் பாலையாவுக்குக் கதை சொல்லும் காட்சி பொதுச்சொத்தாகிவிட்டது என்று வைத்துக்கொண்டாலும், அடுத்து வரும் பாட்டு இன்னும் யாரோ ஒருவருடையது என்பதுதான் நிலைமை. தவிர, அண்மையில் வண்ணமேற்றியோ ஒலியைப் புதுப்பித்தோ வெளியிட்ட பிரதியைப் போட்டால், அந்தப் புதிய வேலைக்கு உரிமை கோரவும் ஆள் வரலாம்.

ஆகையால் படத்தின் இன்றைய உரிமையாளரிடம் ஒரு கடிதம் வாங்கிவிடுங்கள். எந்த நாள், எந்த இடம், எத்தனை பேர், கட்டணமில்லை, எந்தப் பிரதியிலிருந்து காட்டப்போகிறோம் என்று ஒரு பக்கத்துக்குள் எழுதிக் கேளுங்கள். பழைய படங்களின் உரிமையாளர்கள் பலர் இத்தகைய வேண்டுகோளுக்குச் சிறு தொகையோடோ, தொகையே இல்லாமலோ சம்மதித்திருப்பதை என் கட்சிக்காரர்கள் வழியாகக் கண்டிருக்கிறேன். கேட்காமல் செய்ததைப் பொறுப்பவர்கள் மிகவும் குறைவு. தெரிந்தே காப்புரிமையை மீறினால் 63ஆம் பிரிவின்படி 6 மாதம் முதல் 3 ஆண்டுவரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய்வரை அபராதம். ஆதாயத்துக்காகச் செய்யவில்லை என்றால் நீதிமன்றம் காரணம் காட்டித் தண்டனையைக் குறைக்கலாம். ஆனால் இந்தக் குற்றத்தில் பிடியாணையின்றிக் கைது செய்யலாம், ஜாமீன் கேட்டதும் கிடைத்துவிடாது என்று உச்ச நீதிமன்றம் 2022இல் கூறிவிட்டது. தண்டனையைவிட, காவலில் கழியும் அந்த முதல் இரவுதான் பலரை உலுக்குகிறது.

காப்புரிமை முடிந்தாலும் இடம் பற்றிய கேள்வி நிற்கும். 1955ஆம் ஆண்டின் தமிழ்நாடு சினிமா ஒழுங்குமுறைச் சட்டம், உரிமம் பெற்ற இடத்தில்தான் படம் காட்ட வேண்டும் என்கிறது. நகரும் படங்களைக் காட்டும் கருவி எதுவானாலும் அதன் வரையறைக்குள் வந்துவிடும். என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும்: எண்பதுகளில் டிவியையும் டெக்கையும் ஒரு இரவுக்கு வாடகைக்கு எடுத்து, காது குத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் விடிய விடிய மூன்று படம் போடுவோம். பூ விழுந்த திரையை எட்டிப் பார்க்கத் திண்ணையில் இடம் பிடித்த அந்தக் காலத்தில்தான், வீடியோ டெக் வழியாகத் தொலைக்காட்சியில் படம் காட்டுவதை ஒழுங்குபடுத்த 1984இல் தமிழக அரசு தனிச் சட்டமே கொண்டுவந்தது. அந்தத் திருவிழாக்களில் யாரும் உரிமம் கேட்டதாக எனக்கு நினைவில்லை என்பதும் உண்மை; சட்டம் இருந்தது என்பதும் உண்மை. நீங்கள் உரிமையாளரின் கடிதத்தை இணைத்து மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு விண்ணப்பம் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி எதிர்வீட்டுக்காரர். உங்கள் கடிதத்தில் மிகக் குறைந்த இடம் பெற்றவர் அவர்; என் பார்வையில் உங்களை எதிர்த்து மிக வலுவான வழக்கு வைத்திருப்பவரும் அவரே. ஒலி மாசு (ஒழுங்குபடுத்தல் மற்றும் கட்டுப்பாடு) விதிகள், 2000இன்படி, எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் ஒலிபெருக்கியைப் பயன்படுத்தவே கூடாது. அந்த அனுமதியைத் தர வேண்டியவர் மாவட்ட ஆட்சியரோ காவல் ஆணையரோ, துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத, இதற்கென்று நியமிக்கப்பட்ட அதிகாரியோ ஆவார். ஏட்டையாவிடம் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வந்தது அனுமதி ஆகாது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை 45 டெசிபல் என்பது அளவு. தனியார் இடத்தில் வைக்கும் ஒலிக்கருவியின் சத்தம், அந்த இடத்தின் எல்லையில் இந்த அளவைவிட 5 டெசிபலுக்கு மேல் கூடக்கூடாது. அதாவது உங்கள் காலி மனையின் வேலி ஓரத்தில் பகலில் 60 டெசிபல். இருவர் அருகருகே நின்று பேசும் பேச்சின் அளவு அது. வாடகைக்கு எடுத்த இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளும் வர்ணனையாளரின் அலறலும் அதைத் தாண்டியிருக்கும் என்பதை அளந்து பார்க்காமலேயே சொல்லலாம்.

இரவு 10 மணி என்ற எல்லை உங்களுக்குக் குறிப்பாகத் தொல்லை தரும். ஐபிஎல் மாலை ஆட்டம் 7.30க்குத் தொடங்குகிறது, இரண்டாவது இன்னிங்ஸின் சூடு பிடிக்கும் ஓவர்கள் 10 மணிக்குமேல்தான் வரும். 2023 இறுதி ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: அகமதாபாத்தில் மழையால் ஒரு நாள் தள்ளிப்போய், மறுநாளும் மழையில் நின்று, நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி அளவில், கடைசி இரண்டு பந்துகளில் 10 ரன் என்றிருந்தபோது ஜடேஜா ஒரு சிக்ஸரும் ஒரு பவுண்டரியும் அடித்து சென்னைக்கு ஐந்தாவது கோப்பையை வாங்கிக் கொடுத்தார். அன்று என் தெருவில் எழுந்த கூச்சலில் நானும் கலந்துகொண்டேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் மனிதத் தொண்டையின் கூச்சல் வேறு, ஒலிபெருக்கி வேறு. இரவு 10 மணிக்குமேல் திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பதில் உச்ச நீதிமன்றம் 2005இலிருந்தே கண்டிப்பாக இருக்கிறது. பண்பாட்டு, சமய விழாக்களுக்கு ஆண்டில் 15 நாளுக்கு மேற்படாமல் நள்ளிரவுவரை தளர்த்தும் அதிகாரம் மாநில அரசுக்கு உண்டு. சூப்பர் ஓவர் அந்தப் பட்டியலில் இல்லை. வெற்றி பெற்றதும் வெடி போடுவதும் இரவில் தடை செய்யப்பட்டதே.

பிற்பகல் 3.30 ஆட்டத்தை மட்டும் போடுங்கள் என்று எளிதாக எழுதிவிடலாம். ஏப்ரல் மாத மதுரை வெயிலில் காலி மனையில் யார் உட்காருவார்கள், உட்கார்ந்தாலும் அந்த வெளிச்சத்தில் புரொஜெக்டர் படம் எப்படித் தெரியும் என்று நீங்கள் சிரிப்பீர்கள். ஆகவே இடத்தை மாற்றுவதே வழி என்று நினைக்கிறேன். சமுதாயக் கூடம் போன்ற மூடிய இடத்துக்குள், உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும் கேட்கும்படியான ஒலிக்கு இரவுத் தடையிலிருந்து விதிகளே விலக்குத் தருகின்றன. உங்கள் பகுதியில் மாநகராட்சியின் சமுதாயக் கூடமோ ஏதாவது ஒரு சங்கத்தின் கூடமோ இருந்தால் ஞாயிறுக்கு மட்டும் கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் காலி மனையிலேயே ஸ்பீக்கரை விட்டுவிட்டுத் தொலைக்காட்சியின் சொந்த ஒலியில் 10 மணிவரை பாருங்கள். அதற்குமேல் படம் மட்டும் ஓடட்டும். ஸ்கோர் பலகையைப் படிக்கத் தெரியாத ஆள் உங்கள் தெருவில் இருக்க வாய்ப்பில்லை. மின்சாரத்தைத் தெருக் கம்பத்தில் கொக்கி போட்டு எடுக்கிறீர்கள் என்றால் உடனே நிறுத்துங்கள். அது மின் திருட்டு, மற்ற எல்லாவற்றையும்விட விரைவாக உங்களை வழக்கில் கொண்டுபோய் நிறுத்தும்.

எதிர்வீட்டுக்காரரிடம் சங்கத் தலைவரும் நீங்களும் மட்டும், ஒரு பகல் நேரத்தில் போய்ப் பேசுங்கள். பத்துப் பேராகப் போனால் அது பேச்சாக இருக்காது. நீட் தேர்வு வழக்கமாக மே மாதத் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் நடக்கிறது. அதுவரை மனையில் எதுவும் இல்லை என்று நீங்களாகவே சொல்லிவிட்டால், ஐபிஎல்லின் கடைசி வாரங்களும் பிளே ஆஃப் ஆட்டங்களும் உங்களுக்கு மிச்சம் இருக்கும். அவர் புகார் கொடுத்தபின் காவல் துறை கருவிகளைப் பறிமுதல் செய்து, வாடகைக்கடைக்காரருக்கு நீங்கள் பதில் சொல்லும் நிலையைவிட இது மலிவு.

வாட்ஸ்அப் குழு பற்றி அதிகம் அஞ்ச வேண்டாம். குழுவில் ஒருவர் இட்ட பதிவுக்கு, வெறும் நிர்வாகி என்ற காரணத்துக்காக மட்டும் ஒருவரைக் குற்றவாளியாக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் நம் மதுரைக் கிளையே 2021 டிசம்பரில் கூறியிருக்கிறது. ஆனால் அந்த இணைப்பைப் பார்த்தபின் ‘பிரிண்ட் நன்றாக இருக்கிறதா’ என்று குழுவில் நீங்கள் கேட்டிருந்தால், நீங்கள் வெறும் நிர்வாகி அல்ல. இணைப்பை இன்றே நீக்குங்கள், நீக்கியதைக் குழுவில் ஒரு வரி எழுதுங்கள். அந்த இளைஞரைத் தனியே அழைத்து இரண்டு செய்திகளைச் சொல்லுங்கள்: 2023இல் திருத்தப்பட்ட ஒளிப்பதிவுச் சட்டத்தில், தியேட்டரில் படத்தைத் திருட்டுத்தனமாகப் பதிவு செய்தால் குறைந்தது 3 மாதம் சிறையும் 3 லட்சம் ரூபாய் அபராதமும் உண்டு, அதிகபட்ச அபராதம் அந்தப் படத்தின் தயாரிப்புச் செலவில் 5 சதவீதம்வரை போகும். தமிழ்நாட்டில் 2004 முதல் திருட்டு வீடியோக்காரர்களும் குண்டர் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறார்கள். இணைப்பைப் பகிர்ந்த பையன் பதிவு செய்தவன் அல்லன் என்றாலும், காப்புரிமைச் சட்டம் அவனையும் தொடும். அந்தப் பிரதியைக் காலி மனைத் திரையில் போடும் யோசனை யாருக்காவது இருந்தால், அதைப் பற்றி எனக்கு மறுபடியும் எழுத வேண்டாம்.

பந்தயத்துக்கு ஒரு வரி போதும்: 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், 30ஆம் பிரிவின்படி பந்தய ஒப்பந்தம் செல்லாது, ஜெயித்த பணத்தைக் கேட்டு வழக்குப் போட முடியாது. அந்தப் பிரிவில் குதிரைப் பந்தயப் பரிசுக்கு மட்டும் ஒரு சிறு விலக்கு உண்டு. அதை எழுதிய வெள்ளைக்காரர்களுக்குக் குதிரைமேல் இருந்த அபிமானம் நமக்குக் கிரிக்கெட்மேல் இருக்கும் அளவுக்கு இருந்திருக்க வேண்டும். சங்கம் இதில் பஞ்சாயத்துப் பேசினால் சூதாட்டத்துக்குச் சங்கம் துணை நின்றதாகத் தோன்றும். எனவே மனுவைத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றாமல், இது சங்கத்தின் வேலை அல்ல என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. நான் மேலே சுருக்கமாகத் தந்துள்ள உங்கள் கடிதத்தின் முழு வடிவில், எதிர்வீட்டுக்காரரை மூன்று இடங்களில் ‘பிரச்சினைக்காரர்’ என்று எழுதியிருக்கிறீர்கள். காவல் ஆணையர் அலுவலகத்துக்குக் கொடுக்கும் விண்ணப்பத்தை இந்தக் கடிதத்திலிருந்தே படியெடுக்கப் போகிறீர்கள் என்றால், அந்தச் சொல்லை மூன்று இடத்திலும் அடித்துவிட்டு, அடியில் அவருடைய சம்மதக் கையொப்பத்துக்கு ஓர் இடம் விட்டு எழுதுங்கள்.